பழைய வேக இன்ஜினுக்கு எந்த கேம் ஷாஃப்ட்: அரைத்ததா, ஒரிஜினலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் பழைய சிபிஇசட், கரிஸ்மா, புல்லட், பத்மினி, எஸ்டீம், ஜிப்சி வைத்திருப்பவர்கள் இன்ஜினைத் திறந்ததும் சந்திக்கிற கேள்வி இது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட்டில், வால்வைத் தள்ளும் முட்டை வடிவ மேடுகளின் (லோப்) உச்சி, அதாவது மூக்கு, தேய்ந்திருக்கும். ஒருவர் ஒரிஜினலையே தேடிப் போடச் சொல்வார், இன்னொருவர் அரைத்துப் போட்டால் பிக்கப் பறக்கும் என்பார். இரண்டுமே சரியாகும் இடம் உண்டு, இரண்டுமே இன்ஜினைக் கெடுக்கும் இடமும் உண்டு. கேமை அளந்து பார்த்தால்தான் எது எந்த இடம் என்று தெரியும். அதற்கான விவரங்கள் கீழே.

ரீகிரைண்ட் என்றால் என்ன? வெல்டிங் வைத்து அரைப்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம். மூன்று வேலைகளை இந்த ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்.

முதலாவது, பழைய வடிவத்தையே மீட்பது. மூக்கிலும் அடிவட்டத்திலும் (லோப்பில் மேடு இல்லாத வட்டப் பகுதி) ஒரே அளவு, 0.2 அல்லது 0.3 மி.மீ. எடுத்துவிட்டால் லிஃப்ட் (அடிவட்டத்தைவிட மூக்கு உயர்ந்திருக்கும் அளவு) மாறாது. தேய்மானமும் குழிகளும் அந்த ஆழத்துக்குள் அடங்கினால் மட்டுமே இது நடக்கும்.

இரண்டாவது, வேறு வடிவத்துக்கு மாற்றுவது. வேக இன்ஜின்காரர்கள் ரீகிரைண்ட் என்று பெரும்பாலும் சொல்வது இதைத்தான். அரைக்கும் கல் உலோகத்தை எடுக்க மட்டுமே செய்யும். அதனால் லிஃப்ட்டைக் கூட்ட ஒரே வழி, அடிவட்டத்தைச் சின்னதாக்குவது.

மூன்றாவது, தேய்ந்த மூக்கில் வெல்டிங் வைத்துப் பில்டப் செய்து, பிறகு அரைப்பது. ஸ்டெல்லைட் போன்ற கடின உலோகத்தை முறையாகச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு, தெரிந்த கை செய்தால் நிற்கும். சாதாரண ராடு வைத்துப் பூசி, கை கிரைண்டரில் வடிவம் கொடுத்த கேமை எந்த இன்ஜினிலும் போடாதீர்கள். வார்ப்பிரும்புக் கேம் என்றால் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும், ஷாஃப்ட் வளையும். பொத்தல் விழுந்த வெல்ட் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஆயில் பம்ப் வரை போகும்.

கேம் தேய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

டேப்பட் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்) சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடு அளவுகோல்) அளக்கிற இடைவெளி அடிவட்டத்தில் இருக்கிறது. மூக்கு முழுக்கத் தேய்ந்திருந்தாலும் அடிவட்டத்தில் கேப் சரியாகவே காட்டும். டேப்பட் சரியாக வைத்தும் சத்தம் நிற்கவில்லை, மேல் வேகத்தில் இழுவை இல்லை, கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கிறது என்றால் கேமைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்தால் எரிந்த வாயு முழுதாக வெளியேறாது. அடுத்து இன்லெட் திறக்கும்போது அது கார்புரேட்டர் பக்கம் பாயும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

அளக்க 0.01 மி.மீ. படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் போதாது. மூக்கு முனையிலிருந்து எதிர்ப்பக்கம் வரை ஒரு அளவு, அதற்குக் குறுக்கே அடிவட்டத்தின் விட்டம் ஒரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் லிஃப்ட். 36.00 கழித்தல் 30.00 என்றால் 6.00 மி.மீ. ஆனால் வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் ரேஸ் கேம்களில் குறுக்கே அளக்கும்போது சரிவின் தொடக்கமும் சேர்ந்து வந்து, லிஃப்ட்டைக் குறைத்துக் காட்டும். அவற்றை வி பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்து டயல் கேஜால் (ஊசி காட்டும் அளவுமானி) ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதே சரி.

பல சிலிண்டர் இன்ஜினில் எல்லா இன்லெட் லோப்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், எக்ஸாஸ்ட்டையும் அப்படியே. ஒன்று மட்டும் 0.1 மி.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் அந்த லோப் போய்விட்டது என்று பொருள். நகத்தால் தடவும்போது சிக்குகிற குழி இருந்தால் அளவு சரியாக இருந்தாலும் அந்தக் கேம் வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

ஊருக்குள் ஓட்ட, இன்ஜினில் வேறெதையும் மாற்றவில்லை என்றால் ஒரிஜினல் புதுக் கேம். அது கிடைக்காவிட்டால், அளந்து பார்த்து நன்றாக இருக்கிற பழைய ஒரிஜினல். அதுவும் இல்லாதபோதுதான், பழைய வடிவத்துக்கே அரைத்த கேம்.

கார்புரேட்டர், சைலன்சர், கம்ப்ரஷன், வால்வு ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் வேறு வடிவத்துக்கு அரைத்த கேம் அர்த்தமுள்ள தேர்வு. கேமை மட்டும் மாற்றிப் பவர் எதிர்பார்த்தால் கீழ் இழுவையை இழந்து, மேலே ஒன்றும் கிடைக்காமல் நிற்பீர்கள்.

அடிவட்டம் சின்னதானால் என்ன கெட்டுப்போகும்?

அரைத்த கேமின் பிரச்சினைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கணக்கு பாருங்கள். ஒரிஜினலில் மையத்திலிருந்து அடிவட்டம் 15.0 மி.மீ., மூக்கு 21.0 மி.மீ., லிஃப்ட் 6.0. தேய்மானத்தை எடுக்க மூக்கில் 0.2 அரைத்தால் 20.8. லிஃப்ட் 6.8 வேண்டுமானால் அடிவட்டம் 14.0 ஆக வேண்டும். இப்போது லோப்பின் மொத்த உயரம் 36.0 இலிருந்து 34.8 ஆகக் குறைந்திருக்கிறது, ஆனால் லிஃப்ட் கூடியிருக்கிறது. மொத்த உயரத்தை மட்டும் அளந்து "இது தேய்ந்த கேம்" என்று ஒதுக்குவதும், "உயரமான கேம்தான் வேகக் கேம்" என்று எடுப்பதும் இதனால்தான் தவறு.

அடிவட்டம் 1.0 மி.மீ. இறங்கியதும் ராக்கரும் (கேமுக்கும் வால்வுக்கும் இடையில் உள்ள நெம்புகோல்) கீழே இறங்குகிறது. அட்ஜஸ்டர் ஸ்க்ரூ வால்வுப் பக்கம் இருந்து ராக்கர் விகிதம் 1.3 என்றால், அதை ஈடுகட்ட ஸ்க்ரூ 1.3 மி.மீ. கூடுதலாக வெளியே வர வேண்டும். அப்போது ராக்கரின் சாய்வு மாறும், கேம் உரசும் இடம் பேடின் (ராக்கரின் உரசு முகம்) ஓரத்துக்கு நகரும், வால்வுத் தண்டின் உச்சியில் ஸ்க்ரூ ஒரு பக்கமாகத் தள்ளும். விளைவாக வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) ஒருபக்கம் தேயும், பேடு ஓரம் உடையும்.

பேடில் மார்க்கர் மை தடவி, கையால் கிராங்க்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மை அழிந்த தடம் பேடின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். ஓரத்தைத் தொட்டால் வால்வு உச்சியில் தடித்த தொப்பி வைத்து ராக்கரைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவரலாம். வால்வின் மேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும் பக்கெட் டேப்பட் இன்ஜினில் தடித்த ஷிம் (தகட்டு வில்லை) போட வேண்டும். கேமின் தள்ளலை நீளக் கம்பி மேலே கொண்டுபோகும் புஷ் ராடு இன்ஜினில் நீளமான ராடு. இவை கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கேமைக் கிரைண்டருக்கு அனுப்ப வேண்டும்.

கடினத்தன்மை போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

கேம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. அச்சிலேயே குளிரூட்டி வார்த்த வார்ப்பிரும்புக் கேமில் கடினமான அடுக்கு சில மி.மீ. ஆழம் வரை இருக்கும். அதில் 0.5 முதல் 1 மி.மீ. அரைத்தாலும் பெரும்பாலும் கடின அடுக்குக்குள்ளேயே நிற்கலாம். கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய ஸ்டீல் கேமில் அந்த அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான். நைட்ரைடிங் (நைட்ரஜன் ஏற்றிக் கடினமாக்குவது) செய்தது என்றால் அரை மி.மீ.கூடத் தேறாது, அதை அரைத்தால் மறுபடி நைட்ரைடிங் செய்தே ஆக வேண்டும்.

பட்டறையில் செய்யக்கூடிய எளிய சோதனை: புது, மெல்லிய அரத்தை லோப்பின் பக்கவாட்டு விளிம்பில் ஒருமுறை இழுங்கள். கண்ணாடி மேல் போல வழுக்கினால் கடினம். கடித்துப் பொடி விழுந்தால் மென்மை. ஓடும் முகத்தில் அரத்தை வைக்கக் கூடாது. எண் வேண்டுமானால் ராக்வெல் கருவி உள்ள இடத்தில் கொடுங்கள். கார்பன் ஏற்றிய ஸ்டீலுக்கு சி அளவில் 58 முதல் 62, குளிரூட்டிய வார்ப்பிரும்புக்கு 45 முதல் 55 எதிர்பார்க்கலாம்.

இன்னொரு ஆபத்து, அரைக்கும்போதே ஏற்படும் சூடு. அவசரமாக ஆழ வெட்டினாலோ கூலன்ட் போதாவிட்டாலோ மேற்பரப்பு வெந்துவிடும். பழுப்பு அல்லது நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது. நிறத்தைப் பாலிஷ் போட்டு மறைத்தாலும், நைட்ரிக் அமிலத்தைச் சில சதவீதம் ஆல்கஹாலில் கலந்து துடைத்தால் வெந்த இடம் கருமையாகத் தனித்துத் தெரியும். அமிலம் கையாளத் தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

கடையில் "ஒரிஜினல்" என்று தருவதை எப்படிச் சரிபார்ப்பது?

டப்பாவையும் ஹோலோகிராமையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பழைய கேமையும் ஒரு மைக்ரோமீட்டரையும் கூடவே கொண்டுபோங்கள். பேரிங் அல்லது ஜர்னல் (ஷாஃப்ட் தன் இருக்கையில் சுழலும் பகுதி) விட்டம், மொத்த நீளம், ஸ்ப்ராக்கெட் போல்ட் துளைகளின் இடம், லோப் அகலம் ஆகியவை பொருந்த வேண்டும். மூக்கு தேய்ந்திருப்பதால் அதை ஒப்பிட முடியாது. தேயாத அடிவட்டத்தை ஒப்பிடலாம். ஒரிஜினல் லோப்பின் முகம் ஒரே சீராக, பெரும்பாலும் பாஸ்பேட் பூச்சின் மங்கல் கறுப்போடு இருக்கும். டூப்ளிகேட்டில் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டிருப்பார்கள். அந்தப் பளபளப்பு நல்ல அறிகுறி அல்ல, புதுக் கேம் முகத்தில் ஆயில் தங்க இடம் வேண்டும்.

டூப்ளிகேட் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். அரம் வழுக்கி, சுற்றும்போது அடிவட்டத்தின் ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் சாதாரண ஓட்டத்துக்கு அது உழைக்கும். வேக இன்ஜினுக்கு மட்டும் வேண்டாம்.

சிபிஇசட், கரிஸ்மாவுக்கு எது?

1999இல் வந்த 156.8 சி.சி. சிபிஇசட்டுக்கும், 2003இல் வந்த 223 சி.சி. கரிஸ்மாவுக்கும் ஹெட்டின் மேலேயே ஒரே கேம், ஸ்க்ரூ வைத்த ராக்கர்கள். அடிவட்டம் சின்னதானால் ஓரளவு ஸ்க்ரூவிலேயே ஈடுகட்டலாம் என்பது வசதி. ஆனால் லாக் நட்டுக்கு மேலே இரண்டு மூன்று மரையாவது மிஞ்ச வேண்டும். இந்த வண்டிகளில் கேம் போவதற்குப் பொதுவான காரணம் ஆயில்தான். ஒரு லிட்டர் சொச்சமே பிடிக்கிற இன்ஜினில் 300 மி.லி. குறைந்தாலே மேலே போகும் ஆயில் குறைந்துவிடும். கேமோடு ராக்கரையும் பாருங்கள், ராக்கர் ஷாஃப்ட்டையும் அளந்து பாருங்கள். ராக்கர் பேடில் பள்ளம் இருந்தால் புதுக் கேமும் சில நூறு கிலோமீட்டரில் அதே வடிவத்துக்குத் தேயும்.

ஊர் ஓட்டத்துக்கு இவற்றில் ஒரிஜினல் வடிவமே போதும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போதும், சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம், மூன்றாம் கியரில் கீழ் இழுவைதான் வேலை செய்யும். பெரிய கேம் அங்கே வண்டியைத் திணறவைக்கும்.

புல்லட்?

வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350இல் (346 சி.சி., 70 x 90 மி.மீ.) இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் தனித்தனிக் கேம் வீல். உதிரி இன்றும் கிடைப்பதால் அரைப்பதற்குக் காரணம் குறைவு. இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், டேப்பட் அடிப்பாகத்தையும் சேர்த்து. அடிப்பாகம் குழிந்திருந்தால் விட்டுவைக்காதீர்கள். கேம் வீலின் புள்ளிக்குறிகள் கிராங்க்கின் சிறு பல்சக்கரமான பினியனோடு பொருந்துகிறதா என்று மூடி போடும் முன் இருமுறை பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் கேப் பூஜ்யம்: புஷ் ராடு விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது.

பத்மினி மாதிரி புஷ் ராடு கார்களுக்கு?

1089 சி.சி. பத்மினி இன்ஜினில் கேம் பக்கவாட்டில், பிளாக்குக்குள் இருக்கிறது. தட்டை டேப்பட். இந்த வகையில் ஒரு விதியை மீறவே கூடாது: புதுக் கேம் அல்லது அரைத்த கேம் என்றால் எல்லா டேப்பட்டும் புதிது, அல்லது முகம் அரைத்தது. தட்டை டேப்பட் என்று பெயர் இருந்தாலும் அதன் முகம் மிக மெல்லிய குமிழாக இருக்க வேண்டும். லோப் முகமும் சற்றே சரிவாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழலவைக்கின்றன. இரண்டு புது டேப்பட்டின் முகத்தோடு முகம் வைத்தால் நடுவில் லேசாக ஆடும். பழையதை வைத்தால் ஓரத்தில் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரியும். சுழலாத டேப்பட் சில நிமிடங்களிலேயே லோப்பைத் தின்றுவிடும்.

வேறு இன்ஜினுக்கு எழுதிய வேக வடிவத்தை இதில் அரைத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. லோப் எவ்வளவு வேகமாக உயரலாம் என்பதற்கு டேப்பட்டின் விட்டமே எல்லை. பெரிய விட்டத்துக்கு எழுதிய வடிவம் சின்ன டேப்பட்டின் விளிம்பில் குத்தும். விளிம்பில் குத்தினால் இரண்டுமே போகும். அடிவட்டம் குறைவதால் டேப்பட் தன் துளையிலிருந்து கீழே நீட்டிக்கொண்டு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

எஸ்டீம், ஜிப்சியில் எவ்வளவு டிகிரி வரை போகலாம்?

இந்திய ராலிகளில் பல ஆண்டுகள் ஓடிய இன்ஜின்கள் இவை, 1298 சி.சி. 8 வால்வு இன்ஜினில் கேம் மாற்றுவது பழகிய வேலைதான். வால்வு திறந்திருக்கும் மொத்தக் காலத்தை கிராங்க் டிகிரியில் சொல்வார்கள். சாலை கார்களின் கம்பெனிக் கேம் பொதுவாக 230 முதல் 250. ஊரிலும் ஓட்டி, வேகமும் வேண்டும் என்றால் 260 முதல் 270. ராலிக்கு 280 சுற்றுவட்டம். 300ஐத் தாண்டியது கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற ரேஸ் தடங்களுக்கு மட்டும்.

டிகிரி கூடக் கூட, இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடும். ஐடிலில் மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குக் காற்று நுழையும் குழாய்) வெற்றிடம் குறையும். இதைப் பலரும் ஐடில் குலுங்குவதோடு முடித்துவிடுகிறார்கள். பிரேக் பூஸ்டர் அதே வெற்றிடத்தில்தான் வேலை செய்கிறது. 280 டிகிரிக் கேமோடு பெரியார் பஸ் நிலைய நெரிசலில் அடுத்தடுத்து பிரேக் மிதித்தால் மூன்றாவது மிதியில் பெடல் கல்லாக நிற்கலாம். ஊருக்குள் ஓட்டும் காரில் இது உயிர் சம்பந்தப்பட்டது. 270ஐத் தாண்டாதீர்கள், தாண்டினால் பின்வாங்கா (ஒருவழி) வால்வோடு தனி வெற்றிடத் தொட்டி வையுங்கள்.

மதுரையிலேயே அரைத்துக்கொள்ளலாமா?

கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் நல்ல கிரைண்டிங் பட்டறை தெரிந்திருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: கேம் அரைக்கத் தனி இயந்திரம் இருக்கிறதா? கிராங்க் அரைக்கும் இயந்திரத்தில் வட்டம் மட்டுமே வரும். கேமுக்கு மாஸ்டர் வடிவத்தைப் பார்த்து நகரும் இயந்திரம் அல்லது சி.என்.சி. வேண்டும். லேத்தில் கண்ணளவில் வடிவம் கொடுப்பது கேம் அரைப்பே அல்ல. மாஸ்டர் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானமும் உங்கள் கேமில் பிரதியாகும்.

வெளியூருக்கு அனுப்பும்போது கேமுக்கு கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, 3 அங்குல பி.வி.சி. குழாயில் ஸ்பாஞ்சோடு வைத்து இருபுறமும் மூடி அனுப்புங்கள். பஸ் பார்சலில் சாக்குப்பையில் போட்டு அனுப்பிய வார்ப்பிரும்புக் கேம் விளிம்பு உடைந்து வரும், சில நேரம் இரண்டாகவே வரும்.

கிரைண்டரிடம் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

லோப் லிஃப்ட், எத்தனை மி.மீ. உயர்வில் அளந்த டிகிரி என்பது (அந்த உயர்வைச் சொல்லாத "270 டிகிரி"யை எதனோடும் ஒப்பிட முடியாது). இன்லெட், எக்ஸாஸ்ட் மைய டிகிரி (முழு லிஃப்ட் வரும் கிராங்க் நிலை). அரைத்த பிறகு அடிவட்ட விட்டம். குளிர்ந்த நிலை டேப்பட் கேப். அரைத்த பிறகு கடினத்தன்மை. பாஸ்பேட் பூச்சு போட்டார்களா என்பது. கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிற டேப்பட் கேப் அரைத்த கேமுக்குப் பொருந்தாது. சரிவின் தொடக்கம் மாறிவிட்டதால் கிரைண்டர் சொல்கிற கேப்பையே வைக்க வேண்டும். இந்தத் தாளைத் தர மறுப்பவரிடம் கேமைக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் இரு முனை ஜர்னலையும் வி பிளாக்கில் வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் வையுங்கள். ஊசி மொத்தம் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. வார்ப்பிரும்பைத் தட்டி நிமிர்த்த முயல வேண்டாம், விரிசல் விடும்.

ஸ்பிரிங்கும் வால்வும் பிஸ்டனில் முட்டாமல் இருக்க எதை அளக்க வேண்டும்?

முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே மொத்தம் குறைந்தது 1 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். ரிடெய்னரின் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் மேல் தட்டு) அடிக்கும் வால்வு சீலுக்கும் இடையிலும் 1 மி.மீ. சீலில் ரிடெய்னர் இடித்து, கேம் மாற்றிய வாரமே புகை தள்ளும் இன்ஜின்கள் இந்த ஒரு அளவை விட்டதால்தான்.

பிஸ்டன் இடைவெளிக்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை பிஸ்டனின் வால்வுப் பள்ளத்தில் ஒட்டி, மேலே துளி எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்று. கழற்றி, களிமண்ணைப் பிளேடால் வெட்டி மெலிந்த இடத்தை அளங்கள். இன்லெட்டுக்கு 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2 மி.மீ. குறையக் கூடாது. எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் கூடுதல் என்றால், அது சூட்டில் நீளும், பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வரும். வால்வும் பிஸ்டனும் நெருங்குவது சரியாக உச்சியில் அல்ல; எக்ஸாஸ்ட் உச்சிக்கு ஏறக்குறைய 10 டிகிரி முன்பும், இன்லெட் 10 டிகிரி பின்பும். டைமிங்கைப் பிறகு மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

குறி பார்த்து மாட்டினால் போதாதா? டிகிரி வீல் எதற்கு?

ஒரிஜினல் கேம், அரைக்காத ஹெட் என்றால் குறி போதும். அரைத்த கேமில் லோப்பின் மையம் சில டிகிரி விலகியிருக்கலாம். ஹெட்டை அரைத்திருந்தாலும் டைமிங் பின்தங்கும். 100 மி.மீ. விட்டக் கேம் புல்லி உள்ள இன்ஜினில் ஹெட்டில் 0.5 மி.மீ. எடுத்தால் கிராங்க்கில் 1 டிகிரிக்குச் சற்று மேல் பின்தங்கும். தேய்ந்து நீண்டுபோன செயினும் அதையே செய்யும்.

டிகிரி வீல் என்பது கிராங்க்கில் மாட்டி டிகிரி படிக்கும் வட்டத் தகடு. முதலில் பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்புப் போல்ட்டை மாட்டி, கிராங்க்கை மெதுவாக இருபுறமும் கையால் சுற்றி, தடுத்து நின்ற இரண்டு டிகிரிகளின் நடுவே உச்சி. தடுப்பை எடுத்துவிட்டு முதல் சிலிண்டர் இன்லெட் ரிடெய்னரில் டயல் கேஜ் வையுங்கள். இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். முழு லிஃப்ட்டுக்கு 1 மி.மீ. முன்பு ஒரு டிகிரி, தாண்டி 1 மி.மீ. இறங்கியதும் ஒரு டிகிரி. 74உம் 142உம் வந்தால் நடு 108. தாளில் 106 என்று இருந்தால் கேம் 2 டிகிரி பின்தங்கி நிற்கிறது. நீள் துளை போட்ட புல்லியிலோ ஆஃப்செட் கீயிலோ சரிசெய்யலாம். பெல்ட்டில் ஒரு பல் நகர்த்திச் சரிசெய்ய நினைக்காதீர்கள்: 40 பல் புல்லியில் ஒரு பல் என்பது கேமில் 9 டிகிரி, கிராங்க்கில் 18.

முதல் ஸ்டார்ட் எப்படி?

புதுக் கேமின் ஆயுள் முதல் 20 நிமிடத்தில் முடிவாகிறது. தட்டை டேப்பட் என்றால் இன்னும் கண்டிப்பாக. லோப்களிலும் டேப்பட் முகத்திலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தடவுங்கள். வெறும் ஆயில் வழிந்து ஓடிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, ராக்கர் வரை ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக் மாட்டுங்கள். பற்றவைப்பு டைமிங், பெட்ரோல் எல்லாம் முன்பே சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. நிமிடத்துக்கு 2000க்கும் 2500க்கும் இடைப்பட்ட சுற்றில் ஏற்றி இறக்கிக்கொண்டே 20 நிமிடம். ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் ஆயில் குறைவு, மூக்கின் மேல் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அப்போதுதான் விழும்.

சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் இதைச் செய்ய வேண்டாம். அதிகாலையில், ரேடியேட்டருக்கு முன்னாலோ பைக் ஹெட்டுக்கு முன்னாலோ பெரிய ஃபேன் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஆயிலில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பசை இயல்பு. மின்னும் செதில் வந்தால் மூடியைத் திறக்க வேண்டும்.

என்ன ஆயில்?

பழைய உரசும் கேம்களுக்கு சிங்க்கும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு வேண்டும். புதிய ஏ.பி.ஐ. (டப்பாவில் இருக்கும் அமெரிக்க ஆயில் தரக் குறி) தரங்களில் பாஸ்பரஸுக்கு மேல்வரம்பு உண்டு. அந்த வரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கே பொருந்தும், 20டபிள்யூ-50க்கு அல்ல. மதுரை வெயிலில் ஓடும் பழைய கார் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 இரண்டு காரணத்துக்காகவும் பொருத்தம். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைவதால் ஜாசோ எம்.ஏ. (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை பார்த்து, கம்பெனி சொன்ன தடிப்பையே ஊற்றுங்கள்.

மாற்றிய கேம் ஆறே மாதத்தில் போய்விட்டது. ஏன்?

பெரும்பாலும் கேமின் தவறு அல்ல. பழைய ராக்கர் அல்லது டேப்பட். ஆயில் துளையில் கேஸ்கெட் பேஸ்ட் புகுந்து அடைத்தது. தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங். தேய்ந்த ஜர்னல் இருக்கை. கடைசியது அலுமினிய ஹெட்டில் நேராகக் கேம் ஓடும் இன்ஜின்களில் அடிக்கடி. ஜர்னல் இடைவெளி 0.15 மி.மீ. தாண்டினால் ஆயில் அங்கேயே ஒழுகி, ராக்கருக்குப் போகாது. எந்தக் கேமைப் போட்டாலும் அந்த ஹெட் அதைத் தின்னும். பேஸ்ட்டை மெல்லிய கோடாக வைத்து, துளைகளைச் சுற்றி இடம் விட்டாலே பாதிப் பழுது வராது.

புகைச் சான்றிதழில் சிக்கல் வருமா?

வரும். 2000 மார்ச்சுக்குப் பின் வந்த 4 ஸ்ட்ரோக் பைக்குக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பி.பி.எம். வரம்பு. பெரிய கேமில் எரியாத பெட்ரோல் நேராக எக்ஸாஸ்ட்டுக்குப் போவதால் ஹைட்ரோகார்பன் ஏறும், கார்புரேட்டர் திருகி அதை முழுதாக இறக்க முடியாது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் வண்டி என்றால் இதையும் கணக்கில் வைத்தே கேமைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்றிய பழைய ஒரிஜினலை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். தேய்ந்திருந்தாலும் ஜர்னல் நன்றாக உள்ள ஒரிஜினல் கேம்தான் நாளை அரைப்பதற்கான மூலப்பொருள். அதன் அடிவட்டமும் மைய டிகிரியும்தான் உங்கள் இன்ஜினின் அளவுத்தாள். அளவுகளை எழுதிச் சீட்டாகக் கட்டி, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். படுக்கவைத்து மேலே கனம் ஏற்றினால் நீளமான கேம் வளைந்துவிடும்.